மேக் அண்ட் சீஸ்: ஜெஃபர்சன் கதையும் ஹெமிங்ஸ் கதையும்

வர்ஜீனியாவில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு ஒரு முக்கியமான பாடம். என் மகள் அந்த வகுப்பில் இருந்தபோது ஒருநாள் சாப்பிட உட்கார்ந்ததும், "மேக் அண்ட் சீஸைக் கண்டுபிடிச்சது தாமஸ் ஜெஃபர்சன், தெரியுமாப்பா?" என்று கேட்டாள். கூடப் படிக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பெரியவர்களும் அதையேதான் சொல்வார்கள். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் பாரிசுக்குத் தூதராகப் போனார், அங்கே மக்ரோனியைச் சாப்பிட்டு மயங்கிப் போனார், ஊருக்குத் திரும்பும்போது கையோடு கொண்டுவந்துவிட்டார், அப்படித்தான் அமெரிக்காவுக்கு மேக் அண்ட் சீஸ் கிடைத்தது என்பது கதை.

சமீப வருடங்களில் இதற்கு எதிராக இன்னொரு கதை கிளம்பியிருக்கிறது. ஜெஃபர்சன் அடுப்படிப் பக்கமே போனவர் இல்லை, உண்மையில் மேக் அண்ட் சீஸை அமெரிக்காவுக்குக் கொடுத்தவர் அவரிடம் அடிமையாக இருந்த சமையல்காரர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ்தான் என்கிறது இது. ஹெமிங்ஸின் பெயர் வெளியே வந்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். ஆனால் படிக்கப் படிக்க, இந்த இரண்டாவது கதையையும் அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் அந்தக் கதை, ஹெமிங்ஸைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிந்த பெரிய விஷயங்களை மறைத்துவிட்டு, நிச்சயமில்லாத ஒரு சின்ன விஷயத்தை அவர் தலையில் கிரீடமாக வைக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாப்பிட்டிராதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேக் அண்ட் சீஸ் என்றால் வளைந்த சின்னக் குழாய் மக்ரோனியும் உருகிய சீஸும் சேர்ந்தது. இன்றைக்கு இதில் இரண்டு வகை. ஒன்று, வெண்ணெயும் மைதாவும் பாலும் சேர்த்து வெள்ளைச் சாஸ் காய்ச்சி, அதில் சீஸைக் கரைத்து மக்ரோனியோடு கலப்பது. கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று வழியும். மற்றது, மக்ரோனியையும் சீஸையும் ஆழமான தட்டில் அடுக்கி ஓவனில் வைப்பது. மேலே பொன்னிறமாக ஏடு கட்டும், ஓரங்கள் மொறுமொறுப்பாகும், கத்தியால் துண்டு போட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வம்சாவளியே வேறு வேறு என்பது பழைய சமையல் குறிப்புகளைப் பார்த்தால் தெரிகிறது.

இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த குறிப்புகளில் ஒன்று இப்படிப் போகிறது: மாவை மெல்லிய தகடாக இட்டுத் துண்டு போடு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு நன்றாக வேகவை, சீஸைத் துருவு, சீஸையும் வெண்ணெயையும் அடியிலும் மேலுமாகப் போட்டுப் பரிமாறு. குழாய் வடிவம் இல்லை, ஓவன் இல்லை. ஆனால் வெந்த மாவு, சீஸ், வெண்ணெய், அடுக்கு என்று எல்லாமே அதில் இருக்கிறது. கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னால்.

சாஸ் வகைக்கு வந்தால், 1769-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த எலிசபெத் ராஃபால்ட் அச்சிட்ட சமையல் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பெரிய பண்ணை வீட்டில் வீட்டு நிர்வாகியாக வேலை பார்த்தவர். 4 அவுன்ஸ் மக்ரோனியை மெத்தென்று வேகவைத்து வடிகட்டச் சொல்கிறார். பிறகு நல்ல கிரீமும், மாவில் புரட்டிய ஒரு வெண்ணெய்க் கட்டியும் சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிட்டு, தட்டில் ஊற்றி, மேலே பார்மீசான் சீஸை வாட்டிப் பரப்பச் சொல்கிறார். கடைசியில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: இது சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே அடியில் வெந்நீர் ஊற்றி வைக்கும் தட்டில் வைத்து மேஜைக்கு அனுப்பு. இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. சாஸ் ஆறி இறுகிப் போவதைத் தன் கண்ணால் பார்த்தவர்தான் அதை எழுத முடியும்.

ஜெஃபர்சன் பாரிசுக்குப் போனது 1784-ல். அதாவது அதற்கு 15 வருடம் முன்பே செய்முறை ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டது. இங்கிலாந்தில் வரும் சமையல் புத்தகங்கள் அமெரிக்கக் குடியேற்றங்களின் வசதியான வீடுகளுக்கும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகையைப் பராமரிக்கிற ஆய்வாளர்களே, மக்ரோனியை அமெரிக்காவுக்கு முதலில் கொண்டுவந்தவர் அவராக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் எழுதுகிறார்கள்.

அப்படியானால் அவர் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது? காகிதத்தால். ஜெஃபர்சன் எதையும் எழுதி வைக்கிற மனிதர். மக்ரோனி பிழியும் இயந்திரம் ஒன்றைத் தன் கையால் படம் வரைந்து, மாவு எந்தத் துளை வழியே எப்படி வெளியே வரும் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாள் இன்றைக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. 1787-ல் வட இத்தாலியில் சுற்றியபோது அவரால் நேப்பிள்ஸ் வரை போக முடியவில்லை. பிறகு 1789-ல் அவருடைய செயலாளர் வில்லியம் ஷார்ட் நேப்பிள்ஸில் ஒரு மக்ரோனி அச்சு வாங்கி அனுப்பினார். அமெரிக்கா திரும்பிய பின்னும் ஐரோப்பாவிலிருந்து மக்ரோனியும் பார்மீசானும் வரவழைத்துக்கொண்டே இருந்தார். இத்தனை ரசீதும் கடிதமும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தால், அவரையே தகப்பனாக்கிவிடுவது சுலபம்.

அப்புறம் 1802-ஆம் வருட விருந்து. பிப்ரவரி 6-ஆம் தேதி, அதிபர் மாளிகையில். மாசசூசெட்ஸிலிருந்து வந்த நாடாளுமன்ற உறுப்பினர் மனாசே கட்லர் அன்றைக்கு என்னென்ன பரிமாறினார்கள் என்று நாட்குறிப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அரிசி சூப், மாட்டிறைச்சி, வான்கோழி, ஆட்டிறைச்சி, பன்றித் தொடை என்று போகிற பட்டியலில் மக்ரோனி என்ற ஒரு 'பை' (மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டம்) வருகிறது. அதற்குள் இருந்ததை அவர் வெங்காயம் என்றே நினைத்திருக்கிறார். சுவை மிகக் காட்டமாக இருந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெஃபர்சனின் செயலாளர் மெரிவெதர் லூயிஸ், பின்னாளில் பசிஃபிக் கடல் வரை பயணம் போய்ப் பெயர் வாங்கிய அதே லூயிஸ், அது வெங்காயமே இல்லை, இத்தாலியப் பண்டம், மாவும் வெண்ணெயும் சேர்த்துச் செய்தது என்று விளக்கியிருக்கிறார். பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை கரண்டியோடு காத்திருக்கும் ஒரு பண்டத்தைப் பற்றிய பழைய அமெரிக்கச் சாட்சியம் இப்படி முகச்சுளிப்பாக இருக்கிறது. கட்லருக்கு ஐஸ்கிரீம் ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையைச் சமைத்தது ஜேம்ஸ் ஹெமிங்ஸ் இல்லை. அன்றைக்கு அவர் உயிரோடு இல்லை. அதிபர் மாளிகையின் தலைமைச் சமையல்காரர் ஒனோரே ஜூலியன் என்ற பிரெஞ்சுக்காரர். ஹெமிங்ஸ் ஏன் அந்த அடுப்படியில் இல்லை என்பதுதான் இந்த வரலாற்றிலேயே என்னை மிகவும் உலுக்கிய பகுதி.

ஹெமிங்ஸ் பிறந்தது 1765-ல். தாய் எலிசபெத் ஹெமிங்ஸ் அடிமை. தந்தை ஜான் வேல்ஸ் அவர்களுடைய எஜமானர். அந்த வேல்ஸ்தான் ஜெஃபர்சனின் மாமனார். ஆக, ஜேம்ஸ் ஜெஃபர்சனின் மனைவிக்குத் தம்பி முறை. வேல்ஸ் இறந்ததும், நிலம் புலத்தோடு சேர்த்து அந்தத் தம்பியும் அக்காவுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தான். இந்த வாக்கியத்தை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் அன்றைய சட்டம் அப்படித்தான் இருந்தது.

19 வயதில் ஜெஃபர்சன் அவரைப் பாரிசுக்குக் கூட்டிப் போனார். பிரெஞ்சுச் சமையல் கற்பதற்காகவே கூட்டிப் போனார். ஹெமிங்ஸ் முதலில் ஒரு விருந்துச் சமையல்காரரிடம் கற்றார், பிறகு பேஸ்ட்ரி செய்பவரிடம், பிறகு ஷான்டியியில் கோந்தே இளவரசரின் சமையல்காரரிடம். அன்றைய பிரான்ஸில் அதற்கு மேல் பெரிய சமையலறை அதிகம் கிடையாது. 1787-க்குள் ஷான்செலிசே சாலையில் ஜெஃபர்சன் இருந்த ஓட்டல் தெ லான்ஷாக் மாளிகையின் தலைமைச் சமையல்காரர் ஆகிவிட்டார். மாதச் சம்பளம் அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 24 லீவ்ர். அந்தப் பணத்தில் தனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் வைத்துக்கொண்டார். பிரான்ஸ் மண்ணில் கால் வைத்த அடிமை நீதிமன்றத்தில் மனு போட்டு விடுதலை கேட்கலாம். ஆனால் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் மான்டிசெல்லோவில். 1789-ல் ஜெஃபர்சனோடு அவரும் தங்கை சாலியும் கப்பல் ஏறித் திரும்பினார்கள்.

1793 செப்டம்பர் 15 அன்று ஜெஃபர்சன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஜேம்ஸுக்குச் சமையல் கற்பிக்கத் தான் பெரும் செலவு செய்திருப்பதாகவும், அவர் மான்டிசெல்லோவுக்கு வந்து, தான் காட்டும் ஆளை நல்ல சமையல்காரராக்கிவிட்டால் விடுதலை தருவதாகவும் அதில் இருக்கிறது. தன் சுதந்திரத்துக்கு விலையாக ஹெமிங்ஸ் கொடுக்க வேண்டியிருந்தது தன் வித்தையை. கற்றுக்கொள்ள வந்தது தம்பி பீட்டர். அதாவது தான் வெளியேற, தம்பியைத் தன் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டரை வருடம் கழித்து, 1796 பிப்ரவரி 5-ல் விடுதலைப் பத்திரம் கைக்கு வந்தது. ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். உயிரோடு இருக்கும்போது முறைப்படி விடுவித்தது 2 பேரை. ஜேம்ஸ் அதில் ஒருவர், மற்றவர் அவருடைய அண்ணன் ராபர்ட்.

கிளம்புவதற்கு முன் ஹெமிங்ஸ் தன் கையால் சமையலறைச் சாமான்களின் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். செம்புப் பாத்திரங்கள், மூடிகள், அச்சுகள் எல்லாம் எண்ணிக்கையோடு. நிதானமான, அழகான கையெழுத்து. அதன் படத்தை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெஃபர்சன் எழுதிய பல்லாயிரம் தாள்கள் இருக்கின்றன. ஹெமிங்ஸ் கைப்பட எழுதிய மக்ரோனிக் குறிப்பு என்று ஒன்றும் நம்மிடம் இல்லை. இருப்பது இந்தப் பாத்திரப் பட்டியல்.

1801-ல் ஜெஃபர்சன் அதிபரானதும், தலைமைச் சமையல்காரராக வரச் சொல்லி ஹெமிங்ஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அப்போது ஹெமிங்ஸ் பால்டிமோரில் இருந்தார். அவர் மறுக்கவில்லை. என்ன சம்பளம், என்ன நிபந்தனை என்று உங்கள் கையாலேயே எனக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள், வருகிறேன் என்று பதில் சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு சுதந்திர மனிதனிடம் வேலைக்குக் கேட்பதுபோல என்னிடம் கேளுங்கள் என்பது அதன் பொருள். உலகத்துக்கே கடிதம் எழுதிய ஜெஃபர்சன் அந்த நாலு வரியை எழுதவில்லை. வேலை ஜூலியனுக்குப் போனது. அந்தக் கோடையின் முடிவில் ஹெமிங்ஸ் மான்டிசெல்லோவுக்கு வந்து கொஞ்ச காலம் கூலிக்குச் சமைத்தார், மாதம் 20 டாலர். இலையுதிர் காலத்தில் அவர் தற்கொலை செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. வயது 36.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதருக்கு மேக் அண்ட் சீஸைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டம் தேவையா? பிரான்ஸின் மிகச் சிறந்த அடுப்படிகளில் பயின்ற முதல் அமெரிக்கச் சமையல்காரர்களில் அவர் ஒருவர். அது ஆவணத்தோடு நிற்கும் உண்மை. ஜெஃபர்சன் வீட்டில் மக்ரோனி சமைக்கப்பட்டபோது அதைச் செய்த கைகளில் அவருடையதும் இருந்திருக்கும் என்று நம்புவதில் தவறே இல்லை. ஆனால் அமெரிக்காவில் முதன்முதலாக அவர்தான் செய்தார் என்று அடித்துச் சொல்லும்போது, நாளைக்கு யாராவது 1769-ஆம் வருடப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் அவருடைய உண்மையான பெருமையும் சேர்ந்து ஆட்டம் காணும். அவரை அப்படி ஒரு இடத்தில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை.

மான்டிசெல்லோவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். தெற்குப் பக்கத்துச் சின்னக் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்குங்கள். ஹெமிங்ஸ் வேலை பார்த்த சமையலறை அதுதான். 2017-ல் அகழாய்வில் அங்கே ஸ்டியூ அடுப்பின் அடித்தளம் கிடைத்தது. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை, அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கரித்தணல். மற்ற வர்ஜீனிய வீடுகளில் பெரும்பாலும் தரையோடு தரையாகத் திறந்த கணப்பில் குனிந்து சமைத்துக்கொண்டிருந்த காலம் அது. தணலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற இந்த அடுப்பில் பால், வெண்ணெய், மாவு சேர்த்த சாஸை அடிப்பிடிக்காமல், திரியாமல் காய்ச்சுவது சுலபம். வெள்ளைச் சாஸ் காய்ச்சியவர்களுக்கு இது புரியும். தீ ஒரு பொட்டு கூடினாலும் அடியில் பழுப்பு தட்டிவிடும், சீஸைப் போட்ட பிறகு கொதித்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த நிலவறையில் காற்றோட்டமும் குறைவு, கரிப்புகையும் சூடும் சேர்ந்து எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்றால்தான் தெரிகிறது.

ஜூலியனிடம் வருவோம். அவரிடம் அதிபர் மாளிகையில் பயிற்சி பெற அனுப்பப்பட்டவர்களில் ஈடித் ஃபாசெட்டும் ஃபேனி ஹெர்னும் உண்டு. இருவரும் அடிமைகள், ஈடித் போனது 15 வயதில். 1809-ல் ஜெஃபர்சன் பதவி முடிந்து வீடு திரும்பிய பின் மான்டிசெல்லோவின் அடுப்படியைப் பல வருடம் நடத்தியது ஈடித்தான். 1824-ல் அங்கே விருந்தாளியாக வந்த அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர், சாப்பாடு பாதி வர்ஜீனியப் பாணி, பாதி பிரெஞ்சுப் பாணி என்று பாராட்டி எழுதினார். யார் சமைத்தது என்று எழுதவில்லை.

அதே 1824-ல்தான் மேரி ராண்டால்ஃப் தன் 'வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' சமையல் புத்தகத்தை வெளியிட்டார். இவர் ஜெஃபர்சனின் சம்பந்தி வீட்டுப் பெண், மருமகனுக்கு அக்கா. ரிச்மண்டில் தங்கும் விடுதி நடத்திச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கியவர். அவருடைய மக்ரோனிக் குறிப்பு மிகச் சின்னது. பாலும் தண்ணீரும் கலந்ததில் மக்ரோனியைக் குழைய வேகவை, வடித்து உப்புத் தூவு, பொலெண்டா என்ற சோளமாவுக் களிக்குச் செய்ததுபோலவே மக்ரோனி, சீஸ், வெண்ணெய் என்று அடுக்கி, அதேபோல ஓவனில் வை. சாஸ் கிடையாது, பார்மீசான் என்ற கட்டாயம் கிடையாது. அச்சிட்ட அமெரிக்கப் புத்தகத்தில் இன்றைய தெற்கத்திப் பாணி மேக் அண்ட் சீஸை நாம் அடையாளம் கண்டுகொள்ளும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ராண்டால்ஃப் வீட்டிலும் சமையல் வேலை செய்தது அடிமைகள். புத்தகத்தின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்க முடியும் என்ற காலம்.

ஜெஃபர்சன் 1826-ல் இறந்தார். தலைக்கு மேல் கடன். உயிலில் ஈடித்தின் கணவர், கொல்லர் ஜோ ஃபாசெட்டுக்கு விடுதலை எழுதியிருந்தது. ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் அவர்கள் ஏலத்துக்கு வந்தார்கள். ஜோ நாலு பேர் உதவியோடு மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். 11 வயது மகன் பீட்டர் வேறொருவருக்கு விற்கப்பட்டான், அவனுக்கு விடுதலை கிடைக்க 1850 வாக்கில் ஆயிற்று. குடும்பம் ஒஹாயோவின் சின்சினாட்டியில் குடியேறியது. அந்த ஊரில் பெயர் பெற்ற விருந்துச் சமையல் ஒப்பந்தக்காரர்களாக ஃபாசெட்டுகள் விளங்கினார்கள். பீட்டர் சமையல் தொழிலோடு பாப்டிஸ்ட் போதகராகவும் இருந்தார். ஜூலியனிடம் ஈடித் கற்ற வித்தை ஒஹாயோவின் கல்யாண மேஜைகளுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது. ஒரு பண்டம் எப்படிப் பரவியது என்று கேட்டால் எனக்கு இந்த மாதிரிப் பாதைகள்தான் கண்முன் வருகின்றன.

பணக்கார மேஜைப் பண்டம் எல்லோருக்கும் எட்டியதற்குக் காரணம் வேறு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1848-ல் புரூக்ளினில் அந்த்வான் ஜெரேகா மக்ரோனித் தொழிற்சாலை தொடங்கினார். 1851-ல் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊரில் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் பல பண்ணைகளின் பாலை ஒரே இடத்தில் சேர்த்துச் சீஸ் செய்யும் ஆலையைத் திறந்தார். செடார் என்ற சீஸ் வகை மலிவானது. நூற்றாண்டுத் திருப்பத்தில் மக்ரோனிக்கு ஏற்ற, ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த கெட்டிக் கோதுமை டகோட்டாச் சமவெளியில் வேர்விட்டது. முதல் உலகப் போரில் இத்தாலிய இறக்குமதி நின்றுபோக, உள்ளூர் ஆலைகள் கொழித்தன.

அடுத்தது சீஸ் பிரியும் தொல்லை. சூடு கூடினால் கொழுப்பு எண்ணெயாக மேலே வரும், புரதம் ரப்பர் மாதிரி கீழே தங்கும். 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சீஸ் பிரியாமல் உருகுகிறது என்று கண்டார்கள். சீஸின் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ள, இளகிய புரதம் கொழுப்புத் துளிகளைச் சுற்றிக்கொண்டு நிற்கும். 1916-ல் சிகாகோவில் ஜேம்ஸ் கிராஃப்ட் தன்னுடைய முறைக்குக் காப்புரிமை வாங்கினார். டின்னில் அடைத்த சீஸ் போர்முனைக்குப் போனது. பிறகு 1937-ல், பொருளாதார மந்தம் இன்னும் விடாத காலத்தில், மக்ரோனியும் சீஸும் சேர்ந்த கிராஃப்ட் டின்னர் பெட்டி வந்தது. 19 சென்ட் விலை, 4 பேருக்குச் சாப்பாடு. இதற்கும் ஒரு பூர்வீகக் கதை உண்டு: செயின்ட் லூயிஸில் ஒரு விற்பனையாளர் மக்ரோனிப் பெட்டியோடு துருவிய சீஸ் பொட்டலத்தை ரப்பர் பேண்டால் கட்டி விற்றதைப் பார்த்துத்தான் நிறுவனத்துக்கு யோசனை வந்தது என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இறைச்சி கிடைக்காதபோது ஒரு ரேஷன் கூப்பனுக்கு 2 பெட்டி கிடைத்தது. ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது.

1981 டிசம்பரில் அதிபர் ரீகன், அரசுக் கிடங்குகளில் தேங்கியிருந்த சீஸில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குக் கொடுக்க உத்தரவிட்டார். பால் விலை விழாமல் இருக்க அரசு வாங்கிக் குவித்த சரக்கு அது. 5 பவுண்டுக் கட்டிகளாக வந்த அந்த ஆரஞ்சு சீஸை வாங்க வரிசையில் நின்ற அவமானத்தையும், அது மக்ரோனியில் எவ்வளவு அருமையாக உருகியது என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களை இங்கே பார்த்திருக்கிறேன்.

என் நினைப்பில் இந்தப் பண்டத்தை அமெரிக்காவின் ஆறுதல் உணவாக ஆக்கியது கறுப்பின மக்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அடிமைக் காலத்தில் எஜமானர் மேஜைக்குச் சமைத்த கைகள், விடுதலைக்குப் பின் அதையே தங்கள் விசேஷங்களுக்குச் சமைத்தன. சர்ச் முடிந்து, இறுதிச் சடங்கு முடிந்து, தேங்க்ஸ்கிவிங்குக்கு, அடிமைத்தனம் ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளுக்கு என்று அது இல்லாத பந்தியே இல்லை. எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மா இருக்கிறார். அவர் வீட்டு விருந்துக்கு முதல் தடவை போனபோது கவனித்தேன், வந்தவர்கள் எல்லோரும் தட்டை எடுக்கும் முன் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மேக் அண்ட் சீஸ் யார் செய்தது?" விளையாட்டுக்கு இல்லை. பதிலைப் பொறுத்துத்தான் தட்டில் எவ்வளவு விழும் என்பது. அந்த வேலையை எல்லோருக்கும் தந்துவிட மாட்டார்கள், வருடக்கணக்கில் கூடமாட நின்றவருக்குத்தான் ஒருநாள் தட்டு கைக்கு வரும். அந்த வீட்டில் அதை ஆழமான தட்டில் செய்கிறார்கள். சுள்ளென்ற பழைய செடார், முட்டை, எவாபரேட்டட் பால் என்ற சுண்டக் காய்ச்சிய டின் பால், மேலே மிளகாய்ப் பொடி மாதிரி சிவந்த பாப்ரிகா. மூலைத் துண்டுக்குப் பெரியவர்களே போட்டி போடுவார்கள்.

ராண்டால்ஃப் புத்தகத்தில் இருப்பதுபோலச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. பாதிப் பால், பாதித் தண்ணீரில் மக்ரோனியை வேகவைத்தேன். பால் பொங்கி வரும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். மெல்லிய செடார் வில்லைகள், வெண்ணெய்த் துண்டுகள், மக்ரோனி என்று அடுக்கி, மேலே மறுபடி சீஸ். பொலெண்டாவுக்கு அவர் சொல்லும் நேரம் நல்ல சூட்டில் 20 முதல் 30 நிமிடம். 25-ல் மேலே குமிழியிட்டுச் சிவந்துவிட்டது. சாஸ் வகையைப் போல வழியவில்லை. அடுக்குகள் தனித்தனியாகத் தெரிந்தன, பாலில் வெந்ததால் மக்ரோனிக்கே ஒரு மெல்லிய இனிப்பு. என் மகளுக்குப் பெட்டியில் வருவதுதான் இன்னும் இஷ்டம்.

ஒரு கிண்ணத்தில் போட்டுப் எங்கள் தெருவின் அந்த அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார். தன் பாட்டி இப்படித்தான் அடுக்குவார், பாட்டிக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுத்தது, அந்த அம்மா வட கரோலினாவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயுசு முழுக்கச் சமையல் வேலை பார்த்தவர் என்று பெயர் பெயராகச் சொன்னார். உப்பு சரி, சீஸும் சரி, ஆனால் முட்டை இல்லாமல் துண்டு எப்படி நிற்கும் என்று கேட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை 2 முட்டையும் ஒரு டின் எவாபரேட்டட் பாலும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார், செடாரை அவரே கொண்டுவருகிறாராம்.